அம்மாவின் ஐசி

பல்கலைக்கழகத்தில் நான் என்ன படிக்கிறேன் என்பதை எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதில்லை. அப்பா லோரி ஓட்டுகிறவர். தன் கூட்டாளிகளிடம், "மக போலீசு படிப்பு படிக்குது" என்பார். சித்தி, "ஏதோ கவர்மெண்டு படிப்பு" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். அம்மாதான் மோசம். கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்களிடமெல்லாம் நான் கம்ப்யூட்டர் படிப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"ஏம்மா பொய் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"உளவு பாக்குற படிப்புன்னு சொன்னா, நாளைக்கு எவ நம்ம வீட்டுக்கு வருவா? எவளாச்சும் என்கிட்ட வாயைத் தொறப்பாளா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகவும் போகும். ஆனால் அம்மா சொன்னதில் இருந்த நியாயம் புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

உளவுத்துறையும் தேசியப் பாதுகாப்பும் என்று படிப்புக்குப் பெயர். கேட்கத்தான் பெரிய விஷயம். யாரும் எங்களுக்குத் துப்பாக்கியைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. செய்தித்தாள், வரைபடம், கப்பல் வரத்துப் பட்டியல் என்று கண் எரிய வாசித்து, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் அறிக்கை எழுதுவதுதான் வேலை. 'நிச்சயமாக' என்ற சொல்லை எழுதக் கூடாது. 'பெரும்பாலும்', 'வாய்ப்பு குறைவு', 'இப்போது கிடைத்திருக்கும் தகவலின்படி' என்றுதான் எழுத வேண்டும். இதெல்லாம் எனக்குள் எவ்வளவு ஊறிப்போனது என்றால், ஒருநாள் அம்மா "சோறு போதுமா?" என்று கேட்டபோது, "பெரும்பாலும் போதும்" என்றேன். கரண்டியாலேயே தலையில் ஒரு தட்டு விழுந்தது.

வாரநாட்களில் விடுதி. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் அம்மாவுக்குக் கொஞ்சம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு, கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்துவிடுவேன். அம்மாவுக்கு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கையுறைக்குள் காற்றடித்து, எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபது வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்த்தான் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் ஆண்டில் தகவல் மதிப்பீடு என்று ஒரு பாடம். அதை நடத்தியவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. விரிவுரைக்கு வருவதற்கு முன் அரசாங்கத்தில் எங்கோ வேலை பார்த்தவர். எங்கே என்று கடைசி வரை சொல்லவில்லை. நாங்கள் அவரை டாக்டர் என்றே கூப்பிடுவோம். ஒரு சேதி வந்தால் இரண்டு மதிப்பெண் போட வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். சொன்ன ஆளுக்கு ஓர் எழுத்து, சொன்ன சேதிக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை ஓர் எண், உண்மையா என்று சொல்லவே முடியாவிட்டால் ஆறு. நம்பகமான ஆள் என்றால் ஏ, புளுகன் என்றால் இ, ஆள் எப்படிப்பட்டவர் என்றே தெரியாவிட்டால் எஃப். நல்ல மனிதர் தப்பான சேதியைக் கொண்டுவரலாம், புளுகனும் சில நாளில் உண்மையைச் சொல்லலாம், அதனால் இரண்டையும் சேர்த்துக் குழப்பாதீர்கள் என்பார்.

பாடம் முடியும் நேரத்தில் அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். குடும்பத்தில் எல்லோரும் நம்புகிற ஒரு கதையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் சொல்பவர்களை எல்லாம் விசாரித்து, எழுத்தும் எண்ணும் போட்டு, அது உண்மையா என்று இரண்டு பக்கத்தில் மதிப்பிட வேண்டும். என் பக்கத்து இருக்கைக்காரன் தன் பாட்டனார் வெறுங்கையால் முதலை பிடித்த கதையை எடுத்துக்கொண்டான். நான் அம்மாவின் கதையை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அது பழைய கதை. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்க்க வேண்டியிருந்ததால் பத்து வயதில்தான் முதலாம் வகுப்பில் சேர்ந்தாளாம். நான் வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்று அழும்போதெல்லாம் அப்பா இதைச் சொல்லுவார். "பத்து வயசுல, சின்னப் புள்ளைங்களோட பெஞ்சில உக்காந்து படிச்சவ உங்கம்மா. உனக்கென்ன கேடு?" சித்தப்பாமார் வந்தாலும் சொல்லுவார். அம்மா மட்டும் இந்தக் கதையைச் சொன்னதே இல்லை. சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்தச் சிரிப்பை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நேராகக் கேட்காமல் விஷயத்தை வாங்குவது எப்படி என்பதற்கு எங்களுக்கு இரண்டு வாரம் வகுப்பு நடந்தது. தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் போதும், எதிராளி திருத்தாமல் இருக்க மாட்டார். நம் ஊரில் இதற்கு வாயைப் பிடுங்குவது என்று பெயர். எங்கள் சித்தி எந்தப் பல்கலைக்கழகமும் போகாமல் ஐம்பது வருடமாக அதைச் செய்துகொண்டிருக்கிறாள். அதனால் முதலில் அவளிடமே போனேன்.

சித்தி அம்மாவுக்கு நேர் இளையவள், செந்தூலில் இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் அவளுக்கு வெண்டைக்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"அம்மா ஒன்னாம் வகுப்புல சேர்றப்ப நீங்க மூனாம் வகுப்பாமே சித்தி?"

"யாரு சொன்னா, உங்கப்பனா? அந்தாளுக்கு வேற வேலை இல்ல லா. நான் ஒன்னாம் வகுப்பு, அவ மூனாம் வகுப்பு. என் கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனதே அவதான். எனக்கும் அவளுக்கும் ரெண்டே வயசுதான் வித்தியாசம்."

"அப்ப பத்து வயசுல சேர்ந்தாங்கன்னு சொல்றது?"

"பத்தாவது, பதினொன்னாவது. எல்லாரு மாதிரியும் ஏழு வயசுலதான் சேர்ந்தா. வெண்டைக்காயை இன்னும் சின்னதா நறுக்கு."

சித்திக்காக நான் எத்தனையோ விண்ணப்பப் பாரங்கள் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அவள் அடையாள அட்டையின், அந்த ஐசியின், எண் எனக்கு மனப்பாடம். எங்கள் நாட்டில் அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதி. அம்மாவுடைய எண்ணும் தெரியும். இரண்டையும் கழித்தால் வித்தியாசம் ஐந்து வருடம் வந்தது. சித்தி சொல்வது இரண்டு. ஆக, அம்மாவின் ஐசியில் மூன்று வயது கூடுதலாக இருக்கிறது. அப்பாவின் கதை எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதே புரிந்துவிட்டது. கல்யாணத்தின்போது அம்மாவின் ஐசியையும் பள்ளிச் சான்றிதழையும் பார்த்து, கணக்குப் போட்டு, இடைவெளிக்கு அவரே ஒரு கதை கட்டிவிட்டார். நானும் அப்பாவும் ஒரே ஜாதி ஆய்வாளர்கள்தான்.

அந்த மூன்று வருடம் எங்கிருந்து வந்தது என்று சித்திக்குத் தெரியவில்லை. "அந்தக் காலத்துல எவன் சரியா எழுதினான்?" என்றாள். அடுத்த நாள் சுங்கை பூலோவுக்குப் போனேன். அம்மாவின் அண்ணன், என் மாமா, அங்கே பூச்செடி விற்கும் தோட்டமொன்றில் வேலை செய்கிறார். குறைவாகப் பேசும் மனிதர். தொட்டிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, ஊர்க்கதை கொஞ்சம் பேசிவிட்டுச் சொன்னேன்.

"நீங்களும் அம்மாவும் அடுத்தடுத்துப் பொறந்தவங்கதானே மாமா? நடுவுல யாரும் இல்லைல?"

மாமா குழாயை மூடினார்.

"நடுவுல ஒருத்தி இருந்தாம்மா," என்றார். "பதினோரு மாசம் இருந்தா."

காய்ச்சலாம். அப்போது மாமாவுக்கு ஐந்து வயது. அவருடைய அப்பா, டின்பால் வரும் பலகைப் பெட்டி ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி வந்தாராம். பெட்டி எதற்கு என்று தெரியாமல், தனக்கு வண்டி செய்து கொடுக்கப்போகிறார் என்று மாமா சந்தோஷப்பட்டாராம். அந்தக் குழந்தை தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்ததால் அதற்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. இறந்ததை யாரும் எங்கும் போய்ப் பதியவில்லை. இரண்டு வருடம் கழித்து, குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிய சமயத்தில் அம்மா பிறந்தாள். அவளுக்குப் பத்திரமே எடுக்கவில்லை.

"ஐசி எடுக்கணும்னு வந்தப்ப பொறந்த சூராட் கேட்டாங்க. எங்கப்பா டின்னுல இருந்த அந்தப் புள்ளையோட சூராட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. பொட்டப்புள்ள சூராட்தானே, பேரு மட்டும்தானே வேறன்னு நெனச்சாரு. வீட்டுல ஒரு பேரு, ஐசியில ஒரு பேரு, நம்மாளுங்களுக்கு அது புதுசா? ஒருத்தரும் ஏன்னு கேட்கல." மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "உங்கம்மாவுக்குத் தெரியாது. நீயும் சொல்லிறாத."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் மனதுக்குள் அவருக்கு ஏ போட்டுக்கொண்டிருந்தேன். இதை மறைப்பதில் அர்த்தம் இல்லை. எனக்கு அப்போது துக்கம் வரவில்லை, குஷியாக இருந்தது. திரும்பி வரும் ரயிலில் கைபேசியிலேயே பாதி அறிக்கையை எழுதி முடித்தேன்.

டாக்டருக்கு அறிக்கை மிகவும் பிடித்துப்போனது. அந்த வாரமே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஓர் அரசாங்க இலாகாவில் பயிற்சிக்கு என் பெயரைப் பரிந்துரைத்திருப்பதாகச் சொன்னார். முதலாம் ஆண்டிலிருந்து நான் கனவு கண்ட இடம் அது. என் அறிக்கையை யாராவது படித்து, அதை நம்பி ஒரு முடிவெடுக்கக்கூடிய இடம். நிரப்ப வேண்டிய பாதுகாப்புச் சோதனைப் பாரத்தையும் கொடுத்தார். பத்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமை மதியத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். அப்பா பெயர், அம்மா பெயர், அவர்கள் பிறந்த தேதி, பிறந்த இடம், உடன்பிறந்தோர் என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். கடைசியில், மேலே எழுதியவை அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை என்று ஒரு வரி. அதன் கீழ் கையெழுத்து.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் வீடு வந்து சேர்வதற்குள் காய்கறிப் பாசாருக்குப் பக்கத்துக் கடையில் தன் ஐசியை முன்னும் பின்னும் மூன்று பிரதி எடுத்து, மடிப்பு விழாமல் பழைய காலண்டருக்குள் வைத்திருந்தாள். "போதுமா? இன்னும் வேணுமா? அப்பாவோடதும் எடுத்துட்டேன்." பிரதியில் அம்மாவின் முகம், அதற்குப் பக்கத்தில் இன்னொருத்தியின் பெயர், இன்னொருத்தியின் தேதி. பேனாவை எடுத்தேன், வைத்தேன். நான் நோண்டாமல் இருந்திருந்தால் இந்நேரம் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது ஐசியில் உள்ளதை எழுதினால், பொய் என்று தெரிந்தே எழுதுகிறேன். தெரிந்ததை எழுதினால், இத்தனை வருடம் அம்மா எந்த அட்டையை வைத்து இந்த நாட்டில் நடமாடினாளோ அதன் மேல் நானே கேள்விக்குறி போடுகிறேன்.

அம்மாவுக்கு இது தெரியுமா, தெரியாதா? அதை முதலில் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம்.

அம்மா சீருடைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க பொறந்த அன்னிக்குத் தோட்டத்துல பெரிய வெள்ளமாமே? மாமா சொன்னாரு," என்றேன், ரொம்பச் சாதாரணமாக.

"உங்க மாமா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு."

கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "சித்திகிட்ட வெண்டைக்கா நறுக்கிக்கிட்டே கேட்டியாம். மறுநாளே எனக்கு போன் வந்துருச்சி. மாமாகிட்டயும் போயிட்டு வந்தாச்சி. இப்ப என்கிட்டயா? ஏண்டி, உனக்கு நேராக் கேக்கத் தெரியாதா? நான் உன் அம்மாதானே? ரோட்டுல போறவளா?"

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"எழுதிட்டியா?" என்று கேட்டாள்.

பயிற்சிக்காக எழுதிய அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். யார் படித்தார்கள் என்று கேட்டாள். டாக்டர் என்றேன். "கவர்மெண்டுல இருந்தவங்கன்னு சொன்னியே, அவங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"ஐசியைப் புடுங்கிட்டாங்கன்னா நான் எங்கடி போவேன்?"

அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த ஒரு கேள்வியில் எனக்குத் தெரிந்துபோனது. அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குக் கிளம்பியபோது வழக்கம் போல் சோற்றையும் குழம்பையும் கட்டிக் கொடுத்தாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. வாரம் முழுவதும் போன் செய்தால் எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். "என்னா நடந்துச்சி?" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "உங்கம்மா பர்சைத் தொறந்து தொறந்து பாக்குறா. வேலைக்குப் போறப்ப ஐசியை உள்சட்டையில வச்சிக்கிட்டுப் போறா." அப்பா பாவம், ஒன்றும் தெரியாத மனிதர். போனை வைத்துவிட்டு, விடுதிக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அழுது முடித்ததும் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். படித்தேன். இந்த மாதிரித் தவறுகளைச் சரிசெய்ய வழி இருந்தது. சத்தியப் பிரமாணம், சாட்சிகள், பழைய பள்ளிப் பதிவேடு, காலம் கடந்த பதிவு. காலம் பிடிக்கும், அலைய வேண்டியிருக்கும், ஆனாலும் வழி இருந்தது. எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை ரயில் ஏறினேன். அம்மாவுக்கு அவளுடைய சொந்தப் பெயரையே பரிசாகக் கொண்டுபோவதாக எனக்கு நினைப்பு.

சனிக்கிழமை அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பேச முடிந்தது. அப்பா லோரியைக் கழுவக் கீழே போயிருந்தார். இந்தத் தடவை வாயைப் பிடுங்கவில்லை. நேராகவே கேட்டேன்.

"உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"ஐசி எடுக்கப் போன அன்னிக்கே தெரியும்," என்றாள். "கவுண்டர்ல ஒரு பேரைக் கூப்புட்டாங்க. எங்கப்பா என் தோளைத் தொட்டு, போம்மாங்கிறாரு. அது என் பேரு இல்லையேப்பான்னேன். இனிமே இதான் உன் பேருன்னாரு. வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்டக் கேட்டேன். அவங்க சொன்னாங்க."

"அழுதீங்களா?"

"நான் எதுக்கு அழுவுறேன்? எங்கம்மாதான் அழுதாங்க. ஐசியை வாங்கிப் பாத்தாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. அவ பேரு எங்க இருக்கு, காட்டுன்னாங்க. காட்டினேன். அந்த எடத்தை வெரலால தடவித் தடவிப் பாத்தாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேருல எனக்கு எந்தக் கடுதாசி வந்தாலும் மொதல்ல அவங்க கையில குடுத்துட்டுத்தான் நான் பிரிப்பேன்."

நான் தாள்களை எடுத்து வைத்தேன். எந்த அலுவலகம், என்னென்ன தேவை, மாமாவைச் சாட்சியாகப் போடலாம் என்று எல்லாம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். அவள் தலையசைப்பதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்தது. "இல்லைன்னா அறுபது வயசு ஆயிடுச்சின்னு மூனு வருஷம் முன்னாடியே வேலையை விட்டு அனுப்பிருவாங்கம்மா. உங்க பேரு, உங்க வயசு. அது உங்களுக்கு வேணாமா?"

"வேணாம்."

"ஏம்மா?"

"எனக்குத்தான் நீங்கல்லாம் இருக்கீங்களே. வீட்டுல என் பேரைச் சொல்லித்தானே கூப்புடுறாங்க. அவளுக்கு என்ன இருக்கு, சொல்லு? ஒரு போட்டோ கெடையாது. பொதைச்ச எடத்துல இப்ப ஹைவே ஓடுது. இந்தப் பேரு ஒன்னுதான் மிச்சம். அதையும் அழிச்சிட்டு என் பேரை எழுதிக்கணுமா?" அம்மா என்னைப் பார்த்தாள். "அவ பள்ளிக்கூடச் சோதனை எழுதியிருக்கா. கல்யாணம் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கா. ஓட்டுப் போட்டிருக்கா. உன் சூராட்ல அம்மான்னு யாரு பேரு இருக்குது? அவ பேருதானே இருக்குது."

என் பிறப்புப் பத்திரத்தை நான் நூறு தடவையாவது பிரதி எடுத்திருப்பேன். இந்த நாட்டின் ஏடுகளில் என்னைப் பெற்றவள் அந்தக் குழந்தைதான் என்பது ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவளே எழுந்து போய் என் பாரத்தை எடுத்து வந்து மேசை மேல் விரித்தாள். உள்சட்டைக்குள்ளிருந்து ஐசியை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"ஆனா நீ பொய் எழுத வேணாம். உள்ளதை உள்ளபடி எழுது. என்னால உன் வேலை கெட வேணாம். எனக்கு என்னா வருதோ அதை நான் பாத்துக்குறேன்."

ஐசியை வைத்த கையால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள், செருகியதையே மறுபடியும் செருகினாள். இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு எழுது என்கிறாளே என்று எனக்கு அவள் மேல் பாசமும் கோபமும் ஒன்றாக வந்தன.

திங்கட்கிழமை காலையில் டாக்டரின் அறைக்குப் போய், பாரத்தை நிரப்பாமலே திருப்பிக் கொடுத்தேன். விலகிக்கொள்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். குடும்பக் காரணம் என்றேன். எதை விட்டுவிட்டுப் போகிறேன் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பிறகு திருத்தி அடுக்கியிருந்த அறிக்கைகளுக்கு நடுவிலிருந்து என்னுடையதை உருவி எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இதற்கு என்னிடம் வேறு பிரதி கிடையாது," என்றார். "வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஒரு கதையை எழுதிக் கொடு."

கிள்ளானிலிருந்து ஜொகூர் வரை ஒரு தடவைகூட பிரேக்கை மிதிக்காமல் லோரி ஓட்டியதாக அப்பா சொல்லும் கதையை எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கடைசி எண்ணைத்தான் போட வேண்டியிருந்தது.

எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். அந்த இடத்துக்கு என் வகுப்பிலிருந்து வேறொருத்தி போனாள். அவள் அனுப்பிய படங்களைப் பார்க்காமல் இருக்க ஆன மட்டும் முயன்றேன். பாரத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு மாலையே விடுதியைவிட்டுக் கிளம்பி வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"குடுத்திட்டியா?"

"குடுத்திட்டேன். எழுதாம குடுத்திட்டேன். எனக்கு அது வேணாம்மா."

அம்மா ஆரம்பித்தாள். பைத்தியக்காரி, உன்னைப் படிக்க வச்சதுக்கு, உங்கப்பனோட திமிரு அப்படியே உனக்கு, யாரு உன்னைக் கேட்டா, நான்தான் எழுதுன்னு சொன்னேன்ல. கீழ் வீட்டுக்காரர்கள் வரைக்கும் கேட்டிருக்கும். பத்து நாளாகச் சேர்த்து வைத்த பேச்சு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. நான் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் இன்னும் இரண்டு கூட விழுந்திருக்கும். திட்டித் தீர்த்ததும் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கை கழுவிட்டு வா, தோசை சுடுறேன்," என்றாள்.

படிப்பை முடித்துவிட்டு இப்போது போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் இருக்கிறேன். பெட்டிக்குள் இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிற வேலை. பிடித்திருக்கிறது. அப்பாவிடம் அம்மாவே ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பத்து வயசுக் கதை?" என்று மட்டும் கேட்டார். அது கையைவிட்டுப் போனதில் அவருக்கு இன்னும் கொஞ்சம் மனக்குறைதான். மாமாவிடமும் பேசினாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமல் இருக்கவும் நான் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அம்மாவுக்கு ஐசிப்படி அறுபது வயது. அன்றைக்கே அவளுக்குத் தொழிற்சாலையில் கடைசி நாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்தேன். மதியம் மூன்றரை மணிக்கு வந்தாள், கழுத்தில் தோழிகள் போட்ட மாலை, கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. எல்லாரும் சேர்ந்து கேக் வெட்டினார்களாம், பாட்டுப் பாடினார்களாம், அவள் பங்கைச் சாப்பிடாமல் கொண்டுவந்துவிட்டாளாம். மாலையைக் கழற்றக்கூட இல்லை. நேரே அடுப்படிக்குப் போய் ஒரு சின்னத் தட்டை எடுத்து, கேக்கை அதில் வைத்து, மேலே ஒட்டியிருந்த பாதாம் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா அதை எடுக்குறீங்க? அதுதானே நல்லா இருக்கும்?"

அம்மா நிமிரவில்லை. விரலால் கிரீமைத் தள்ளி, உள்ளே புதைந்திருந்த ஒரு துண்டையும் தேடி எடுத்தாள்.

"உங்க பெரியம்மாவுக்கு நாலு பல்லுதான் மொளைச்சிருந்துச்சாம்," என்றாள். "அண்ணே சொன்னாரு."